இரண்டு மாதப் பெண் குழந்தையின் இடது இடுப்பு மூட்டு: பட்டி அணிவிப்பதா, பொறுத்திருப்பதா?

உவர்மலைத் தாய்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் முதற் குழந்தைக்கு, பெண் குழந்தைக்கு, இப்போது இரண்டு மாதம் கடந்துவிட்டது. கர்ப்பத்தின் கடைசி வாரம் வரை தலை கீழே திரும்பாமல் பிட்டமே கீழே இருந்தபடியால் சிசேரியன் செய்துதான் அவள் பிறந்தாள். பிறந்த மறுநாள் பரிசோதித்த வைத்தியர் குறையொன்றும் இல்லை என்றே பதிவேட்டில் எழுதினார். ஆனால் இரண்டாம் மாதத் தடுப்பூசிக்குக் கொண்டு சென்றபோது, வலது தொடை விரிகிற அளவுக்கு இடது தொடை வெளிப்புறமாக விரியவில்லை என்பதைக் கவனித்த மருத்துவ மாது, எங்களைக் குழந்தைநல வைத்திய நிபுணரிடம் அனுப்பி வைத்தார். இடது மூட்டின் குழி ஆழம் போதாமல் இருப்பதாகவும், தொடை எலும்பின் தலை குழியின் நடுவில் அமராமல் சற்று வெளியே நிற்பதாகவும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தெரிந்துள்ளது. அறிக்கையில் ஆல்பா கோணம் 48 என்று எழுதப்பட்டிருக்கிறது. தொடைகளை மடித்து விரித்து வைத்திருக்கும் வார்களாலான பவ்லிக் பட்டி அணிவிக்க வேண்டும் என்பது எலும்பு வைத்திய நிபுணரின் முடிவு.

வீட்டில் இதைப் பற்றி இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. குழந்தை அழுவதில்லை, நன்றாகப் பால் குடிக்கிறாள், இரண்டு கால்களையும் உதைத்து விளையாடுகிறாள். இப்படிப்பட்ட பிள்ளையை ஏன் கட்டிப் போட வேண்டும், நடக்கத் தொடங்கினால் தானாகச் சரியாகிவிடும் என்று என் மாமி சொல்கிறார். அவர் பேத்தி மீதுள்ள பாசத்தால்தான் அப்படிச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் என்னால் முடிவெடுக்க முடியவில்லை. வலியே இல்லாத ஒரு குறைபாட்டுக்கு இவ்வளவு அவசரம் தேவையா? பிறந்தபோது சரியாக இருந்த மூட்டு இரண்டு மாதத்துக்குள் எப்படிப் பிழைத்துப் போகும்? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.

ஓய்வுபெற்ற மருத்துவ மாது

மகள், முதலில் உங்கள் பகுதி மருத்துவ மாதுக்கு நன்றி சொல்லுங்கள். தடுப்பூசி நாளின் நெரிசலுக்குள் ஒரு குழந்தையின் தொடையை விரித்துப் பார்ப்பதற்கு அக்கறை வேண்டும்.

இடுப்பு மூட்டு என்பது ஒரு குழியும் அதற்குள் சுழலும் ஒரு உருண்டைத் தலையும் சேர்ந்தது. பிறக்கும்போது இவ்விரண்டின் பெரும்பகுதி இன்னும் எலும்பாக மாறாத குருத்தெலும்பாகவே இருக்கும். தலை குழியின் நடுவில் அமர்ந்து அழுத்திக்கொண்டிருந்தால்தான் குழி ஆழமாகவும் வட்டமாகவும் வளரும். தலை விலகி நின்றால் குழி தட்டையாகவே வளர்ந்துவிடும், குழி தட்டையானால் தலை மேலும் விலகும். பிறந்த நாளில் சரியாகத் தோன்றிய மூட்டு பின்னர் குறைபாடுடையதாகத் தெரிய வருவதற்கு இதுவே காரணம். பிறந்த மறுநாள் எழுதப்பட்ட குறிப்பு பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அந்த ஒரு பரிசோதனையை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் நாம் விளங்கிக்கொள்ள வேண்டியது. இரண்டு, நான்கு, ஆறு மாதத் தடுப்பூசிக்கு வரும்போதும், பிள்ளை நடக்கத் தொடங்கும்போதும் இடுப்பை மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டும் என்று நான் வேலை செய்த காலம் முழுவதும் இளையவர்களிடம் வற்புறுத்தி வந்தேன்.

உங்கள் மகளிடம் இதற்குரிய காரணிகள் பல சேர்ந்திருக்கின்றன. பெண் குழந்தைகளுக்கு இக்குறைபாடு ஆண் குழந்தைகளைவிட நான்கைந்து மடங்கு அதிகம். பிட்டம் கீழாக இருந்த குழந்தைகளுக்கு, அவர்கள் சிசேரியனில் பிறந்தாலும்கூட, ஆபத்து கூடுதல். ஏனென்றால் மூட்டைத் தளர்த்துவது பெரும்பாலும் கருப்பைக்குள் கால்கள் மடங்கியிருந்த விதமே. முதற் பிள்ளை என்றால் கருப்பையும் வயிற்றுத் தசைகளும் இறுக்கமாக இருக்கும். இடது பக்கம் அதிகம் பாதிக்கப்படுவதும் வழமையானதுதான். பெரும்பாலான குழந்தைகள் கருப்பையில் படுத்திருக்கும் நிலையில் இடது இடுப்பு தாயின் முதுகெலும்புப் பக்கம் அமைந்து, விரிவதற்கு இடம் இல்லாமல் போகிறது. முழுமையாக மூட்டு விலகிய குழந்தைகள் 1000 பேரில் 1 அல்லது 2 பேர்தான் என்றாலும், இலேசான தளர்வையும் சேர்த்தால் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு கூடும்.

உங்கள் மாமி சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறந்தவுடன் காணப்படும் இலேசான தளர்வு பெரும்பாலான குழந்தைகளில் முதல் ஆறு எட்டு வாரங்களுக்குள் தானாகவே இறுகிவிடும். அப்படிச் சரியான குழந்தைகளை அவர் பார்த்திருப்பார். உங்கள் மகளோ அந்தக் காலத்தைக் கடந்துவிட்டாள். தலையும் விலகி நிற்கிறது. நடக்கத் தொடங்கினால் இது சரியாகாது. உடல் எடை ஏறுவதால் விலகல் மேலும் கூடும். வலியைப் பொறுத்தவரை, கைக்குழந்தைக்கு இந்தக் குறைபாட்டில் வலி இருப்பதே இல்லை. வலி வருவது இளம் பருவத்திலோ முப்பது நாற்பது வயதிலோ, மூட்டுத் தேய்ந்த பிறகு. இளவயதிலேயே இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை செய்ய நேர்பவர்களில் பலருக்கு மூலகாரணம் குழந்தைப் பருவத்தில் கவனிக்கப்படாமல் போன இந்தக் குறைபாடுதான்.

மருத்துவபீட மாணவி

மேலே அம்மா எழுதியதோடு, அறிக்கையிலுள்ள எண்ணைப் பற்றி மட்டும் ஒரு விளக்கம் தர விரும்புகிறேன். கைக்குழந்தையின் இடுப்பை ஸ்கேன் மூலம் அளக்கும் முறையை 1980 இல் ஆஸ்திரிய நாட்டு வைத்தியர் ரைன்ஹார்ட் கிராஃப் வெளியிட்டார். ஆல்பா கோணம் குழியின் எலும்புக் கூரை எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதைக் காட்டுவது. 60 பாகையும் அதற்கு மேலும் இருந்தால் முதிர்ந்த மூட்டு. 50 க்கும் 59 க்கும் இடையில் இருந்து குழந்தைக்கு மூன்று மாதம் நிறையாவிட்டால், வளர்ச்சி இன்னும் முடியவில்லை என்று கருதி மறு ஸ்கேன் வரை காத்திருப்பார்கள். 50 க்குக் கீழே, அதுவும் தலை நடுவில் இல்லாதபோது, காத்திருப்பதற்கு இடமில்லை. ஆகவே 48 என்ற எண் உங்கள் நிபுணரின் முடிவோடு பொருந்திப் போகிறது.

ஸ்கேனில் கதிர்வீச்சு எதுவும் இல்லை. தொடை எலும்பின் தலை எலும்பாக மாறத் தொடங்குவது நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் என்பதால், அதற்கு முன் எக்ஸ்ரே எடுத்தால் தெளிவாகத் தெரியாது. அதன் பிறகு எக்ஸ்ரேயே பொருத்தமானது.

பாலையூற்று அப்பம்மா

நான் பேரப்பிள்ளைகள் பலரைக் குளிக்க வார்த்து வளர்த்தவள். நல்லெண்ணெய் தேய்த்து, இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்து நீட்டி இழுத்து, கால் வளையாமல் நேராக வர வேண்டும் என்று துணியால் இறுகச் சுற்றிப் படுக்க வைப்பது எங்கள் வழக்கம். என் தாயாரும் அப்படித்தான் செய்தார். அதனால் பிள்ளைகளுக்குத் தீங்கு நேர்ந்திருக்குமா? இப்போது வீட்டிலிருக்கும் சின்னப் பேரனுக்கு நான் எதை விட வேண்டும், எதைத் தொடரலாம் என்று சொல்லுங்கள்.

சாம்பல்தீவு இயன்மருத்துவர்

அப்பம்மா, உங்கள் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன், ஏனென்றால் சிகிச்சையைவிடத் தடுப்பு நம் கைகளில் இருக்கிறது.

பிறந்த குழந்தையின் இயல்பான நிலை, முழங்கால் மடங்கித் தொடைகள் இருபுறமும் விரிந்திருக்கும் நிலைதான். அந்த நிலையில் தலை குழிக்குள் ஆழமாக அமர்கிறது. கால்களைச் சேர்த்து நீட்டி இறுகச் சுற்றும்போது அதே தலை குழியின் விளிம்பை நோக்கித் தள்ளப்படுகிறது. ஜப்பானில் குழந்தைகளைக் கால் நீட்டிச் சுற்றும் வழக்கம் பரவலாக இருந்தது. 1975 அளவில், பிறந்த குழந்தைகளின் கால்களை நீண்ட நேரம் நீட்டி வைக்க வேண்டாம் என்று நாடு தழுவிய பிரசாரம் செய்தார்கள். அதற்கு முன் 100 குழந்தைகளில் 1 முதல் 3 வரை காணப்பட்ட மூட்டு விலகல், பின்னர் 1000 இல் 2 க்கும் கீழே இறங்கியது. மருந்தோ சத்திரசிகிச்சையோ இல்லாமல், துணி சுற்றும் முறையை மாற்றியதால் கிடைத்த பலன் அது.

நம் ஊர் வழக்கங்களில் மிக நல்லது ஒன்று உண்டு. கழுத்து நின்ற பிள்ளையை இடுப்பில் ஏற்றி, இரண்டு தொடைகளும் தாயின் இடையை அணைத்து விரிந்திருக்கும்படி தூக்கிச் செல்கிறோமே, அது மூட்டுக்கு ஏற்ற நிலை. அதைத் தாராளமாகத் தொடருங்கள். எண்ணெய் தேய்ப்பதையும் விட வேண்டியதில்லை. மென்மையாகத் தடவுங்கள், ஆனால் கால்களைச் சேர்த்து இழுப்பதும், பாதத்தைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் வேண்டாம். பிறந்த குழந்தையின் கால் சற்று வளைந்திருப்பது இயல்பு. வளர வளரத் தானே நேராகும், இழுப்பதால் அது விரைவில் நேராவதில்லை. குளிர் நாட்களில் சுற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கைகளையும் மார்பையும் சுற்றுங்கள், இடுப்புக்குக் கீழே துணி தளர்வாக இருந்து கால்கள் மடங்கி உதைக்க இடம் இருக்கட்டும்.

முன்னர் வளர்த்த பிள்ளைகளை நினைத்து வருந்த வேண்டாம். பெரும்பாலான குழந்தைகளின் மூட்டு எந்தத் தீங்கும் இன்றி வளர்ந்துவிடும். பிறவியிலேயே தளர்வுள்ள சில குழந்தைகளுக்குத்தான் இறுகச் சுற்றுவது பாதகமாக முடிகிறது. அவர்கள் யார் என்று முன்கூட்டியே நம்மால் சொல்ல முடியாது என்பதால் எல்லாக் குழந்தைகளுக்கும் கால்களைத் தளர்வாக விடுகிறோம்.

கிண்ணியா உம்மா

அஸ்ஸலாமு அலைக்கும். உவர்மலைத் தங்கச்சிக்காக எழுதுகிறேன். பட்டி அணியும் வயதைக் கடந்த பிறகு கண்டுபிடித்தால் என்னவாகும் என்பதை என் மகளின் அனுபவத்தில் அறிந்தவள் நான்.

அவள் பதினைந்து மாத அளவில்தான் நடந்தாள். நடந்தபோது ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். ஒரு காலில் மட்டும் குதிகால் நிலத்தில் முழுமையாகப் படவில்லை. புதிதாக நடக்கும் பிள்ளை அப்படித்தான் தள்ளாடும் என்று எல்லோரும் சொன்னார்கள். படுக்க வைத்து இரண்டு முழங்கால்களையும் மடித்துப் பாதங்களைத் தரையில் ஊன்றிப் பார்த்தபோது ஒரு முழங்கால் மற்றதைவிடத் தாழ்ந்து நின்றது. எக்ஸ்ரேயில் மூட்டு முழுமையாக விலகியிருப்பது தெரிந்தது. பட்டி பயனளிப்பது ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான் என்று அப்போதுதான் விளக்கினார்கள். மகளுக்கு முழு மயக்கம் கொடுத்து, தொடையின் உட்புறத்தில் இறுகியிருந்த தசைநாரைச் சிறிது வெட்டித் தளர்த்தி, மூட்டைக் குழிக்குள் அமர்த்தி, மார்புக்குக் கீழிருந்து கால் வரைக்கும் பிளாஸ்டர் போட்டார்கள். அந்தப் பிளாஸ்டர் மூன்று மாதமளவு இருந்தது; இடையில் ஒரு முறை மீண்டும் மயக்கம் கொடுத்து மாற்றினார்கள்.

அந்த நாட்களில் ஒரு சின்ன வேலையும் பெரிய வேலையாக இருந்தது. பிளாஸ்டர் நனையாமல் இருப்பதற்காகச் சிறிய நாப்கின் ஒன்றை உள்ளே செருகி, மேலே பெரிய நாப்கின் ஒன்றைக் கட்டி, இரவிலும் எழுந்து எழுந்து மாற்ற வேண்டும். தோல் புண்ணாகாமல் இருக்க அடிக்கடி திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். கால்விரல்கள் நீலம் பாய்கிறதா, குளிர்ந்து போகிறதா, வீங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முச்சக்கர வண்டியில் அவளை இருத்தவே முடியாது; கிளினிக் போவதற்குப் பெரிய வாகனம் பிடிக்க வேண்டியிருந்தது. கடற்றொழில் செய்கிற குடும்பத்துக்கு அந்தச் செலவு மிகப் பாரமானது. இப்போது அல்லாஹ்வின் கிருபையால் பாடசாலையில் ஓடி விளையாடுகிறாள். எனினும் ஒவ்வோர் ஆண்டும் எக்ஸ்ரே எடுத்துக் காட்டுகிறோம்.

தங்கச்சி, உங்களுக்குக் கிடைத்திருப்பது எளிதான வழி. உங்கள் மாமிக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

ஓய்வுபெற்ற மருத்துவ மாது

கிண்ணியா மகள் எழுதியதோடு இரண்டு விடயங்களைச் சேர்க்கிறேன். ஒன்றரை வயதுக்குப் பின் கண்டறியப்படும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு மூட்டைத் திறந்து சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வரும். பலருக்கு இடுப்பெலும்பையோ தொடை எலும்பையோ வெட்டித் திருத்தவும் நேரிடும். அடுத்தது, இரண்டு பக்கமும் விலகியிருக்கும் பிள்ளைகளைப் பற்றியது. எங்கள் கண்ணுக்கு மிக எளிதில் தப்பிவிடுபவர்கள் இவர்கள்தான். இரண்டு தொடைகளும் ஒரே அளவு குறைவாக விரியும், இரண்டு முழங்கால்களும் ஒரே உயரத்தில் நிற்கும், எனவே ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. நடக்கும்போது வாத்தைப் போல இருபுறமும் அசைந்து, முதுகின் கீழ்ப்பகுதியை உள்வளைத்து நடப்பார்கள். நாப்கின் மாற்றும்போது தொடைகள் விரிய மறுக்கின்றன என்று ஒரு தாய் சொன்னால், இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது என்று சொல்லி அவரை அனுப்பிவிடக் கூடாது.

தொடை மடிப்புகள் இரு பக்கமும் ஒத்திருக்கவில்லை என்று மட்டும் பயந்து வருகிறவர்களும் உண்டு. ஆரோக்கியமான குழந்தைகள் பலரிடமும் மடிப்புகள் வேறுபட்டிருக்கும். தொடை விரிவதில் குறை இருக்கிறதா என்பதுதான் மூன்று மாதத்துக்குப் பின் முக்கியமான அடையாளம். வைத்தியர்கள் செய்யும் பரிசோதனைகள் இரண்டு: விலகிய தலையைக் குழிக்குள் திரும்பக் கொண்டுவந்து பார்ப்பதை 1937 இல் இத்தாலிய வைத்தியர் ஓர்டோலானியும், தளர்ந்த தலை வெளியேறுகிறதா என்று மெதுவாகத் தள்ளிப் பார்ப்பதை 1962 இல் இங்கிலாந்து வைத்தியர் பார்லோவும் விவரித்தார்கள். இவற்றை வீட்டில் செய்து பார்க்க முயலாதீர்கள்.

உவர்மலைத் தாய்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கிண்ணியா ராத்தாவின் பதிவை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, நாளைக்கே பட்டியைப் போடச் சொல்லு என்றார். நிபுணர் நேற்றுப் பட்டியை அணிவித்துவிட்டார். இனி நடைமுறைச் சிக்கல்கள்தான். கச்சான் காற்று வீசும் இந்த மாதங்களில் வியர்வைக்கு என்ன செய்வது? குளிக்க வார்க்கலாமா? ஏணையில் போடலாமா? இரண்டு நாப்கின்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினால் பட்டிக்குப் பதிலாக அதுவே போதும் என்று அயலில் ஒருவர் சொல்கிறார், அது சரியா?

சாம்பல்தீவு இயன்மருத்துவர்

இரட்டை நாப்கின் மூட்டைக் குழிக்குள் பிடித்து வைக்காது. காலம் வீணாவதுதான் மிச்சம். செக் நாட்டு வைத்தியர் ஆர்னோல்ட் பவ்லிக் 1940 களில் உருவாக்கிய இந்தப் பட்டி, தொடையை மேல்நோக்கி மடித்து வைத்துக்கொண்டே குழந்தை உதைக்கவும் அசையவும் இடம் கொடுக்கிறது. அந்த அசைவினாலேயே தலை மெல்லக் குழிக்குள் சென்று அமர்கிறது. கால்களைப் பலவந்தமாக விரித்துக் கட்டிய பழைய முறைகளில், தொடை எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்பட்டு எலும்பு சிதைந்த குழந்தைகள் பலர். ஆகவே பட்டியின் வாரை நீங்களாக இறுக்கவோ தளர்த்தவோ வேண்டாம். நிபுணர் அடையாளமிட்ட இடத்திலேயே இருக்கட்டும்.

முதல் வாரங்களில் இரவும் பகலும் கழற்றாமல் அணிவிப்பதே வழமை. கழற்றலாம் என்று நிபுணர் சொல்லும் வரை குளிக்க வார்க்க வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கழுத்து, அக்குள், முழங்கால் மடிப்பு ஆகியவற்றைத் துடைத்து ஈரம் உலர விடுங்கள். வாருக்கு அடியில் எண்ணெயோ பவுடரோ பூசாதீர்கள், இரண்டும் வியர்வையோடு சேர்ந்து தோலைப் புண்ணாக்கும். மெல்லிய பருத்திச் சட்டையும் முழங்கால் வரை ஏறும் பருத்திக் காலுறையும் பட்டிக்குள் இருக்கட்டும். நாப்கினை வாருக்கு அடியில் கட்டுங்கள். மாற்றும்போது பாதத்தைப் பிடித்துத் தூக்காமல் பிட்டத்துக்கு அடியில் கையை வைத்துத் தூக்குங்கள். ஏணை இப்போது வேண்டாம், ஏனென்றால் சேலைத் துணி இருபுறமும் அழுத்தித் தொடைகளைச் சேர்த்துவிடும். சமமான மெத்தையில் நிமிர்த்திப் படுக்க வையுங்கள். பால் கொடுக்கும்போதும் தொடைகள் சேராமல் இருக்கும்படி மடியில் அணைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் மிகக் கவனமாகப் பாருங்கள். வழமையாக உதைக்கும் காலை அவள் உதைக்காமல் விட்டாலோ, முழங்காலை நீட்டாமல் இருந்தாலோ, தொடை நரம்பு அழுத்தப்பட்டிருக்கக் கூடும். அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கொண்டு செல்லுங்கள். நேரத்தோடு பட்டியைச் சரிசெய்தால் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகும். மற்றபடி, குறித்த கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். குழந்தை வளர வளர வாரின் நீளம் மாற்றப்பட வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் தலை குழிக்குள் வரவில்லை என்று ஸ்கேன் காட்டினால், அதே பட்டியைத் தொடர்ந்து அணிவிப்பது குழியின் பின்விளிம்பைக் கெடுக்கும் என்பதால் வேறு வழிக்கு மாறுவார்கள். சரியாக அமைந்தால் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பட்டி தேவைப்படாமல் போகும்.

மூதூர் தந்தை

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு ஐந்து வயது. நன்றாக ஓடித் திரிந்தவன், சில நாட்களாக ஒரு காலை நொண்டுகிறான், முழங்கால் நோகிறது என்கிறான். இதுவும் அதே குறைபாடாக இருக்குமா?

ஓய்வுபெற்ற மருத்துவ மாது

தம்பி, நன்றாக நடந்த பிள்ளை புதிதாக நொண்டினால் காரணங்கள் வேறு. சளிக் காய்ச்சலுக்குப் பின் மூட்டுச் சவ்வு சில நாள் வீங்கித் தணிவது மிகச் சாதாரணம். நான்கு முதல் எட்டு வயது ஆண் பிள்ளைகளில் தொடை எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் குறையும் பெர்தஸ் நோயும் வரலாம். இடுப்பிலுள்ள நோய் முழங்கால் நோவாகத் தெரிவது உண்டு, அதனால் முழங்காலை மட்டும் பார்த்துவிட்டு விட வேண்டாம். ஓரிரு நாளில் வைத்தியரிடம் காட்டுங்கள். காய்ச்சலும் சேர்ந்து காலை ஊன்றவே மறுத்தால் மூட்டில் சீழ் பிடித்திருக்கக் கூடும். அது மணிக்கணக்கில் மூட்டை அழிக்கும், இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.

தம்பலகாமம் வாசகி

எனக்குப் பிறந்தபோதே இடுப்பு மூட்டு விலகியிருந்து சிகிச்சை பெற்றதாக அம்மா சொல்வார். இப்போது நான் ஏழு மாதக் கர்ப்பிணி. பிறக்கப் போகும் குழந்தைக்கு நான் என்ன செய்ய வேண்டும்?

மருத்துவபீட மாணவி

அக்கா, தாய்க்கோ தந்தைக்கோ இக்குறைபாடு இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100 இல் 12 அளவு என்று பாடநூல்கள் சொல்கின்றன. உடன்பிறப்பு ஒருவருக்கு மட்டும் இருந்தால் 6. பெற்றோர், உடன்பிறப்பு இருவருக்கும் இருந்தால் 36. எனவே உங்கள் கர்ப்பகாலப் பதிவேட்டில் இதை இப்போதே எழுதச் சொல்லுங்கள். பிரசவ விடுதியில் குழந்தையைப் பரிசோதிக்கும் வைத்தியருக்கும் நீங்களே வாயால் சொல்லுங்கள். பரிசோதனையில் குறை தெரியாவிட்டாலும், நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் இடுப்பு ஸ்கேன் ஒன்றுக்குக் கடிதம் தரும்படி கேட்டு வாங்குங்கள். பிறந்த முதல் நாட்களிலேயே ஸ்கேன் எடுத்தால், தானாகச் சரியாகப் போகும் தளர்வும் நோயாகத் தெரிந்து வீண் கவலையைத் தரும். மூட்டு அப்போதே விலகியிருப்பதாக வைத்தியர் உணர்ந்தால் மட்டும் உடனே செய்வார்கள்.

உவர்மலை அக்காவுக்கும் இதே இடத்தில் ஒன்று: அடுத்த பிள்ளை பிறக்கும்போது, ஆணாக இருந்தாலும் தலை கீழாகவே பிறந்தாலும், இந்தப் பிள்ளையின் கதையைச் சொல்லி அதே ஸ்கேனைக் கேளுங்கள்.